விடுதிக்கு முளைத்த காடிபாராந்தா

மகள் ஒட்டியதை அன்று காலை நான் பிய்த்தது சரியா? இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை.

மூன்றாம் வகுப்புக் கண்காட்சிக்காக அவள் செய்ய வேண்டியிருந்தது, இங்கிலாந்தில் குதிரைக் கோச்சுகள் நின்று சென்ற பழைய விடுதி ஒன்றின் மாதிரி. நூலகப் புத்தகத்தில் படங்கள் இருந்தன. தெருப்பக்கம் கோச் நுழையும் அளவுக்கு உயர்ந்த வளைவு வாசல். உள்ளே வானம் பார்த்த முற்றம். அதைச் சுற்றி மாடியில் மரக் கைப்பிடி வைத்த தாழ்வாரம். அறைக் கதவுகள் எல்லாம் அதில்தான் திறக்கும். கடைசியில் லாயம். செருப்புப் பெட்டிகளை நான் வெட்டிக் கொடுத்தேன், மற்றதெல்லாம் அவள் வேலை. வளைவை மட்டும் மூன்று முறை அளந்தாள். கோச்சின் கூரைமேலும் ஆட்கள் உட்காருவார்களாம், தலை இடிக்கக் கூடாது.

கண்காட்சி அன்று காலையில் பார்த்தால், வளைவுக்கு முன்னால் ஐஸ்கிரீம் குச்சித் தூண்களின் மேல் ஒரு கூரை. வண்டியிலிருந்து நனையாமல் இறங்குவதற்காகக் கொல்கத்தாவின் பழைய மாளிகைகளில் நடைபாதைமேல் நீட்டிக்கொண்டிருக்குமே, அந்தக் காடிபாராந்தா. மழை நாளில் நாங்கள் பள்ளிப் பேருந்துக்கு அப்படி ஒன்றின் அடியில்தான் நிற்போம்.

"இது அங்க கிடையாது கண்ணு."

"தெரியும். மழை பெஞ்சா வண்டி வர்ற வரைக்கும் எங்க நிப்பாங்க?"

"உள்ள போய் நிப்பாங்க."

"முத்தத்துலயா? அங்கயும் கூரை இல்லியே."

அவள் குளிக்கப் போனதும் கத்தியால் பிய்த்தெடுத்தேன். மதிப்பெண் போய்விடுமே என்ற பயம். குளியலறையிலிருந்து அவள் பாட்டுச் சத்தம் கேட்டது. மனசு கேட்காமல் அவசரமாகத் திரும்ப ஒட்டினேன்.

பள்ளியில் ஆசிரியை அதைத்தான் முதலில் தொட்டார். இங்கிலாந்தில் காடிபாராந்தா உண்டா என்று வங்காளத்தில் கேட்டார். இல்லை, புத்தகத்திலும் இல்லை, அம்மாவும் இல்லையென்றுதான் சொன்னாள் என்றாள் மகள். கூரைமேல் உட்கார்ந்து வருகிறவர்கள் நனைந்து வருவார்கள், இறங்குகிற இடத்திலாவது நனையாமல் இருக்கட்டும் என்று இதை நானாக வைத்தேன் என்றாள். குரல் நடுங்கவே இல்லை. ஆசிரியை ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தார். பிறகு தலைமையாசிரியையை அழைத்து வந்து அதையே மறுபடி சொல்லச் சொன்னார். சுவரோரம் நின்ற எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் வயதில் ஆசிரியை முன்னால் நான் வாயே திறந்ததில்லை.

வீடு திரும்பும்போது ஆட்டோவில் கேட்டாள், "கூரை கோணலா இருந்துச்சு. நீ பிச்சியா?"

"ஆமா."

"அடுத்த தடவை கேட்டுட்டுப் பிய்."

சரியென்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் அறிவியல் கண்காட்சி. அதற்குள் என் கை சும்மா இருக்கப் பழக வேண்டும். பிள்ளை செய்வதில் தவறு கண்ணில் படும்போது நீங்கள் எதுவரை சொல்வீர்கள், எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வீர்கள்? தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள்.