அறுபத்தொன்பதுக்கு மேல் ஒரு மணி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் சபையாருக்கும் என் வணக்கம். அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுது என்று அம்மா சொன்னார். எழுதுகிறேன். ஆனால் எழுதுகிறவள் பொறாமைக்காரி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. இருந்தும் அப்பாவின் பாசத்தில் பெரும்பங்கை வேறொருத்தி கொண்டுபோனாள். கன்டோன்மென்ட்டில் சிலுவையும் மணிக்கூண்டுமாக நிற்கும் நம் பழைய கோவில்தான் அவள்.

அப்பா ஆம்பூருக்குப் பக்கத்தில் பிறந்தவர். சிறு வயதில் பெற்றோரை இழந்து, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு பெங்களூர் வந்தார். வந்த அன்று மழைக்கு ஒதுங்க இடம் கொடுத்தது இந்தக் கோவில் வாசல். அந்த நன்றியை ஆயுள் முழுக்க அவர் மறக்கவில்லை. பொம்மசந்திராவில் ஃபேக்டரி வேலை, கோவிலில் மணி அடிக்கும் ஊழியம் என்று இரண்டையும் சுமந்தார். யாரையும் கடிந்து பேச மாட்டார். ஷிப்ட் முடிந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர், மாலை மணி அடித்த பிறகுதான் வீட்டுக்கு வருவார். கேட்டால், "வர்ற வழிதானேம்மா" என்பார். வழியாவது! கோவில் எங்கள் வீட்டைத் தாண்டி இரண்டு ஸ்டாப்.

கயிறு இழுத்துக் காய்த்துப்போன கையால் அவர் என் தலையைத் தடவினால் முடி சிக்கும். அதற்கும் கோவில் மேல்தான் எனக்கு எரிச்சல் வரும்.

தொண்ணூற்றொன்றின் கடைசியில் காவிரிக் கலவரத்தில் ஊர் கலங்கி, தமிழ்க் குடும்பங்கள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தோம். அன்றும் அப்பா கிளம்பினார். "மணி சத்தம் கேக்கலன்னா ஜனங்க இன்னும் பயந்துடும்மா" என்றார். "அப்போ நாங்க பயந்தா பரவால்லியா?" என்று கத்தினேன். செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர் திரும்பி வரும்வரை பக்கத்து வீட்டுக் கன்னடக்கார ஆன்ட்டிதான் எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் கல்யாணத்தன்று நடந்ததைத்தான் பல வருஷம் பொறுக்க முடியவில்லை. மணப்பெண்ணைத் தகப்பன் கைப்பிடித்து அழைத்துப்போவதும், அவள் உள்ளே நுழையும்போது மணி அடிப்பதும் நம் சபை வழக்கம். "இன்னிக்கு ஒரு நாள் வேற யாராச்சும் அடிக்கட்டும்பா" என்று கெஞ்சினேன். "வேற கை பட்டா சத்தம் கெட்டுடும்மா. மாமா கூட்டிட்டுப் போகட்டும்" என்றார் அப்பா. தாய்மாமாவின் கையைப் பிடித்து நடந்தேன். கல்யாண ஆல்பத்தில் நான் பீடத்துக்கு நடந்துபோகும் படம் ஒன்றிலும் அப்பா இல்லை. என் கையைப் பிடிக்க வேண்டிய கை அவள் கயிற்றைப் பிடித்திருந்தது.

சுற்றியிருந்த ஓட்டு பங்களாக்கள் ஒவ்வொன்றாக இடிந்து காம்ப்ளக்ஸ் ஆன காலத்திலும் கோவில் மட்டும் அசையவில்லை. பிறகு ஒரு மழைக்காலத்தில் மணிக்கூண்டில் விரிசல் விட்டது. கயிற்றைத் தொடக் கூடாது என்று கமிட்டி முடிவெடுத்து ஸ்பீக்கர் வைத்தது. ஸ்விட்சைத் தட்டினால் பதிவு செய்த மணி ஒலிக்கும். எல்லோரும் வருத்தப்பட்டார்கள். நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அப்பாவையும் அம்மாவையும் ஈஜிபுராவில் என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். இனி அவர் எனக்குத்தான் என்று நினைத்தேன்.

ஆனால் மாலை ஆனால் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளாது. ஜன்னல் பக்கம் போய் நிற்பார். ஒரு நாள் ஆத்திரம் தாங்காமல் கேட்டேவிட்டேன். "என் கல்யாணத்துல என் கையை விட உங்களுக்கு அந்தக் கயிறுதானே பெருசாப் போச்சு?"

அப்பா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருந்தா உள்ள இருக்கிற நூறு பேருக்குத்தான்மா தெரியும். மணி அடிச்சா வெளிய இருக்கிற பஜாருக்கே தெரியும்ல, என் பொண்ணுக்குக் கல்யாணம்னு. அதைப் போயி இன்னொருத்தன் கையில குடுப்பனா?"

இத்தனை வருஷம் இதைச் சொல்லத் தோன்றவில்லையே என்று அவர் மேல் கோபம் வந்தது. சமையலறைக்குப் போய் அழுதேன்.

கடைசி மூன்று மாதம் அப்பா படுக்கையில் இருந்தார். வலி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்குள் மணிக்கூண்டைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் ஸ்விட்ச் பழகிவிட்டதால் கயிறு சும்மா தொங்கியது. அப்பா காலமானபோது அவருக்கு அறுபத்தொன்பது வயது. பெட்டி கோவிலை விட்டுக் கிளம்பும்போது வயதில் வருஷத்துக்கு ஒன்றாக மணி அடிக்க வேண்டும். சபையில் எத்தனையோ பேருக்கு எண்ணிக்கை பிசகாமல் அடித்தவருக்கு ஸ்விட்சா? போதகர் ஐயாவிடம் போய், "நான் இழுக்கிறேன் ஐயா" என்றேன். அவர் தடுக்கவில்லை.

அன்று கல்லறைக்கு நான் வரவில்லை என்று பலர் வருத்தப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். பெற்ற மகள் எங்கே என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். நான் மணிக்கூண்டின் கீழே இருந்தேன். முதல் இழுப்பில் சத்தமே வரவில்லை. போகப் போகக் கை பழகியது. இரண்டு உள்ளங்கையிலும் கொப்புளம் வந்துவிட்டது. என் எதிரியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்பது ஐம்பது என்று எண்ணி அழுதேன்.

அப்பாவைக் கடைசிவரை பார்த்த டாக்டருக்கும் நர்ஸ்களுக்கும், பெட்டியைச் சுமந்த சபை இளைஞர்களுக்கும், அன்றும் ஈஜிபுராவரை வந்து எங்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்த கன்னடக்கார ஆன்ட்டிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கல்லறைவரை விரல் மடக்கி மணியை எண்ணிக்கொண்டே போன அத்தைக்கு, அப்பா கைப்பிடித்துக் கூட்டிவந்த அந்தத் தங்கைக்கு, தனியாக ஒன்று சொல்ல வேண்டும். "அண்ணனுக்கு அறுபத்தொம்போதுதானே, எழுபது அடிச்சியே, எண்ணத் தெரியலியா?" என்று கேட்டீர்கள்.

சரியாகத்தான் எண்ணினேன் அத்தை. அறுபத்தொன்பது அவர் வயதுக்கு. எழுபதாவது, அவர் என் அப்பா என்று பஜாருக்கே தெரியட்டும் என்று அடித்தேன்.