அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய கடிதம்

எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, எங்கள் வீட்டின் மொழிபெயர்ப்பாளர் பதவி என்னிடம் இருந்தது. அப்பாவுக்கு நேரம் கிடையாது, அக்காவுக்குப் பொறுமை கிடையாது. ஆகவே வைத்தியரிடமும் பள்ளிக்கூடத்திலும் அம்மாவுக்காகக் கதைத்தவள் நான்தான். ஆசிரியை என்னைப் பற்றிச் சொல்லும் குறைகள் தமிழுக்கு வரும்போது எப்படியோ பாராட்டாகிவிடும். சம்பளமில்லாத வேலையில் அந்தச் சலுகையாவது வேண்டாமா?

அந்த மார்கழியில் அக்காவுக்கு அமெரிக்கக் கல்லூரி ஒன்றிலிருந்து பதில் வந்தது. எடுக்கிறோம் என்றும் இல்லை, மாட்டோம் என்றும் இல்லை; முடிவைப் பங்குனிக்குத் தள்ளிவைத்திருக்கிறார்களாம். மூன்று வருடமாக அந்தக் கல்லூரியின் பெயரையே செபித்துக்கொண்டிருந்தவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இன்னும் விருப்பம் இருக்கிறது என்று ஒரு கடிதம் எழுதினால் நல்லது என்று அவளுடைய பள்ளியில் சொன்னார்கள்.

நோர்வேயில், ஸ்டோவ்னரில் இருந்த எங்கள் ஏழாம் மாடி வீட்டில் அப்படிப்பட்ட கடிதத்துக்கு நிபுணர் அப்பாதான். அகதி முகாமில் பதிலுக்குக் காத்திருந்த காலத்தில் மாதம் தவறாமல் விண்ணப்பம் எழுதியவர் அவர்.

“வேறை போக்கிடம் இல்லையெண்டு எழுது. அந்த வசனத்துக்குத்தான் எனக்கு விசா கிடைச்சது. கடிதத்திலை ஒரு கனம் வேணும்” என்றார்.

“நான் படிக்கத்தான் இடம் கேக்கிறன் அப்பா, தஞ்சம் கேக்கேல்லை” என்றாள் அக்கா.

தன் விருப்பப்படியே ஒரு பக்கத்தில் எழுதி முடித்தாள். மின்னஞ்சலைவிடக் கையெழுத்துப் போட்ட கடிதத்துக்குத்தான் மதிப்பு என்பதில் மட்டும் அப்பா வென்றார்.

சனிக்கிழமை அக்காவுக்குக் கடையில் வேலை. தபாலில் சேர்க்கும்படி சொல்லி, ஒட்டாத உறையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. என்ன எழுதியிருக்கிறாள், வாசித்துச் சொல் என்றார்.

என் ஆங்கிலம் எட்டியவரை ஒழுங்காகத்தான் சொன்னேன். புதிய புள்ளிகள், ஆய்வுகூடத்தில் செய்த வேலை, இடம் தந்தால் கட்டாயம் வருவேன் என்ற உறுதி. கடைசியில் எல்லாம் சப்பென்று முடிந்துவிட்டது. அப்பா சொன்ன கனம் எங்கேயும் இல்லை. அக்காவைக் குறைவாகக் காட்ட மனம் வராமல், அதை நானே சேர்த்தேன்.

“இஞ்சை எனக்கெண்டு ஒருத்தரும் இல்லை. உங்களை விட்டால் வேறை போக்கிடமும் இல்லை.”

அம்மா கோட்டின் ஒரு கையை மட்டும் போட்டபடி நின்றார்.

“அப்பிடியோ எழுதியிருக்கிறாள்?”

“ஓம் அம்மா.” எனக்குப் பெருமையாக இருந்தது.

அம்மா உறையை ஒட்டி, ஓரங்களை இரண்டு தரம் விரலால் அழுத்தினார். வாசிக்கச் சொன்னதை அக்காவுக்குச் சொல்ல வேண்டாம் என்றார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கடிதம் நனையாமல் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். தபால் கந்தோரில் பதிவுத் தபாலாகக் கொடுத்துவிட்டு, என்னைக் கதைக்க விடாமல், தனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில் தானே கேட்டார், கட்டாயம் போய்ச் சேருமா என்று.

பங்குனியில் இடம் கிடைத்தது. ஆவணியில் அக்கா போய்விட்டாள். அவள் தொலைபேசியில் கதைக்கும்போதெல்லாம் சாப்பிட்டாயா, தலையிடி மாறிவிட்டதா என்று அம்மா விசாரிப்பார். எப்போது வருவாய் என்று மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை.

“அம்மாவுக்கு என்னைத் தேடுறேல்லையோ?” என்று அக்கா ஒருமுறை என்னிடம் கேட்டாள்.

தேடுகிற மாதிரித் தெரியவில்லை என்றேன். பெற்ற பிள்ளையிடம் இப்படி ஒரு கல்மனமா என்று அம்மாவோடு இரண்டு நாள் நான் முகம் கொடுத்துக் கதைக்கவும் இல்லை.