உப்பு விளையக் காத்திருந்த பயணம்

வியட்நாமில் கடலோர ஊர் ஒன்றில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் வேலை கிடைத்ததும், முதல் காரியமாகச் செல்போன் மேப்பில் அந்த ஊரைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கரையை ஒட்டிக் கட்டம் கட்டமாக வெள்ளை. அட, உப்பளம்! எங்கள் ஊர் மரக்காணத்தில் கிளம்பி மரக்காணத்துக்கே போகிற மாதிரி இருந்தது. அன்றிலிருந்து பாதிப் பொழுது மனசால் அங்கேதான் குடியிருந்தேன். வேலை பார்த்த குயிலாப்பாளையம் கெஸ்ட் ஹவுஸ் ரிசப்ஷனில் உட்கார்ந்திருப்பேன். காதில் அந்த ஊர் அலை கேட்கும். யாராவது வந்து சாவி கேட்டால் திருதிருவென்று விழிப்பேன்.

தை பிறந்ததும் பயணம் என்று டிக்கெட் போட்டாயிற்று. அம்மாதான் குறுக்கே நின்றாள்.

புது வீட்டுக்குள் முதலில் உப்பும் மஞ்சளும் போக வேண்டும் என்பது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். அம்மா அதோடு விடமாட்டாள். அந்த வருஷத்து முதல் உப்பாக இருக்க வேண்டும், அதுவும் அவள் குத்தகைக்கு எடுத்த உப்புப் பாத்தியில் வாரியதாக இருக்க வேண்டும்.

“கடை உப்பு எடுத்துக்கினு போறேம்மா.”

“உப்பளத்துக்காரி பொண்ணு கடை உப்போட குடி போவாளா? ஊரே சிரிக்கும். நாலு வெயில் அடிச்சா வெளைஞ்சிடும், இருடி.”

வெயில் எங்கே அடித்தது? பாத்தியில் உப்பு பூக்கிற நேரமாகப் பார்த்து ஒரு தூறல் வந்து, எல்லாவற்றையும் கரைத்துவிட்டுப் போகும். அடம்பிடித்துக் கிளம்பியிருக்கலாம்தான். சகுனமாவது மண்ணாவது என்று ஊரெல்லாம் பேசித் திரிந்தவளுக்கு அந்தத் துணிச்சல் மட்டும் வரவில்லை. டிக்கெட்டைத் தள்ளிப்போட்டேன். ‘எங்கள் உப்பு இன்னும் விளையவில்லை, கொஞ்சம் பொறுங்கள்’ என்று அந்தப் பள்ளிக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். வேறு யாராக இருந்தாலும் காய்ச்சல் என்று எழுதியிருப்பார்கள்.

மறுபடியும் மழை. மறுபடியும் எழுதினேன். கடலோர ஊருக்கு வேறு ஆள் போட்டாயிற்று, மலை மேல் ஓர் ஊரில் இடம் இருக்கிறது, வருகிறாயா என்று பதில் வந்தது.

மலையா! மேப்பில் பச்சையாகக் கிடந்தது. விரலால் எவ்வளவு தள்ளியும் கடல் வந்தபாடில்லை. சரி என்று எழுதிவிட்டு, அம்மாவோடு பேசுவதை நிறுத்தினேன். அவள் போட்ட சோற்றை மட்டும் தின்றேன்.

மாசியில் வெயில் திரும்பியது. ஒரு நாள் விடியும்போதே அம்மா என்னை எழுப்பிக் கூட்டிப்போனாள். பாத்திகளில் வானம் இறங்கிக் கிடந்தது. வரப்பில் நடக்கையில் மேலே எது, கீழே எது என்று தெரியவில்லை. தூரத்தில் ஈசிஆர் ரோட்டில் போன பஸ் மேகத்தின் மேல் ஓடியது. அம்மா பலகையால் மெதுவாக வாரினாள். கொஞ்சமே கொஞ்சம் சேர்ந்தது. ஒரு கல்லை என் நாக்கில் வைத்தாள்.

“நல்லா இருக்குதும்மா” என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் கோபம் ஞாபகம் வந்தது.

அந்த மலை ஊரில் போய் இறங்கியபோது ஒரே பனிமூட்டம். பெட்டியை வாசலிலேயே விட்டு, உப்புப் பொட்டலத்தோடு அறைக்குள் போனேன். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. கடல் எந்தத் திசையில் என்றுகூடத் தெரியவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன்.

“உன்னாலதாம்மா. இங்க கடலே இல்ல.”

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம். உப்பளத்தில் நிற்கிறாள் போல.

“அதத்தான் குடுத்து அனுப்சனேடி” என்றாள்.

பொட்டலத்தைப் பிரித்தேன். ஈரத்தில் லேசாகக் கசிய ஆரம்பித்திருந்தது. ஒரு கல்லை நாக்கில் வைத்துக்கொண்டு, அவள் போனை வைக்கும்வரை அந்தக் காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.