சுவருக்கு அந்தப்புறத்துத் தேனீ

என் ஓரகத்திக்கு வாய்க்கிற எதுவும் எனக்கு வாய்ப்பதில்லை. கொழுந்தன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான். மாங்காய் பறிக்கிற கோல் முறிந்தபோது தேனீ வரட்டுமென்று அந்த மூங்கில் துண்டுகளைக் கட்டி ஓட்டுக்கடியில் தொங்கவிட்டாள். அவள் பட்ட பாடு அவ்வளவுதான். தேனீ வந்துவிட்டது.

கூட்டமாக வாழாத தேனீ அது. ஒவ்வொன்றும் தனியாக ஒரு துளைக்குள் மகரந்தம் சேர்த்து, முட்டையிட்டு, துளையின் வாயை மண்ணால் பூசி அடைத்துவிடும். மாங்காய் ஏற்ற வந்த லாரிக்காரரைக்கூட அவள் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது.

நான் நல்ல மூங்கிலாக வாங்கி, கணுவோடு அறுத்து, கறையான் ஏறாமலிருக்க வேப்பெண்ணெய் தடவிச் சுவரோரமாகத் தொங்கவிட்டேன். எங்கள் வீட்டில் எந்த மரச்சாமானுக்கும் அதைத்தான் தடவுவோம். ஒரு தேனீயும் எட்டிப் பார்க்கவில்லை.

சிமெண்ட் போட்ட வாசலில் மண்ணுக்கு அவை எங்கே போகும் என்று தோன்றியது. மாந்தோப்பிலிருந்து செம்மண் கொண்டுவந்து, பழைய வாணலியில் குழைத்து, முருங்கை மரத்தடியில் வைத்துத் தினமும் தண்ணீர் தெளித்தேன். வந்தன! எனக்குத் தலைகால் புரியவில்லை. மண்ணை உருட்டி எடுத்தன. உருண்டையோடு எழுந்து சுவரைத் தாண்டிப் போய்விட்டன.

இரண்டு நாள் கழித்து அவள் குரல் கேட்டது. "ஏனுங்க்கா, இங்க வந்து பாருங்க. புது மூடியெல்லாம் செகப்பா இருக்குதுங்க. எங்கூட்டு மண்ணு கருப்பல்லங்க?"

போய்ப் பார்த்தேன். எல்லாம் என் மண்.

அவள் சுவரில் சாய்ந்து என் மூங்கிலை மோந்து பார்த்தாள். "வேப்பெண்ண தடவுனீங்களாக்கா? இந்த நாத்தத்துக்கு அது எப்படீங்க வரும்? என்னுதுல பாதிய எடுத்துக்கங்க."

கேலி செய்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். "ஒண்ணும் வேண்டாம் போ" என்று திரும்பிவிட்டேன். அன்று தண்ணீர் தெளிக்கவில்லை. காயட்டும்.

மறுநாள் வெயிலில் வாணலி மண் வெடித்துக் கிடந்தது. ஒரு தேனீ இறங்கிச் சுரண்டியது. நகர்ந்து வேறொரு இடத்தில் சுரண்டியது. முட்டையிட்ட துளை அங்கே திறந்து கிடக்குமே என்று நினைப்பு வந்து தொலைத்தது.

சனியனே என்று திட்டிக்கொண்டே செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். சுவருக்கு அந்தப்புறம் அவள் யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தாள்: "பாருங்க, எங்கூட்டுத் தேனீ!"