சுதாகரனின் கேள்விக்குறி

நோன்பு மாதத்தில் சுதாகரன் என் முன்னால் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. வவுனியாவில் ஒரு கம்பியூட்டர் வகுப்பில் கூட்டித் துடைத்துத் தேத்தண்ணி போடுவது என் வேலை. அங்கே வேலை பழகிய அவன், கோப்பையை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுவான். காற்று வாங்கப் போகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவனுக்கு ஊர் முல்லைத்தீவு. கூட வேலை பழகிய தனுஷாவுக்குக் கனகராயன்குளம். வன்னியிலிருந்து வந்தவர்கள் வவுனியாவில் தங்க ஆமியின் அனுமதிச் சீட்டு, பாஸ், வேண்டும். பாஸுக்கு வேலைக் கடிதம் வேண்டும். 2007இல் முதலாளி கதிர்காமநாதன், ஒருவருக்குத்தான் கடிதம் என்றுவிட்டார். மாணவர் விபரம் தேடும் இணையப் பக்கத்தை இருவரும் தனித்தனியே செய்யவேண்டும். தோற்றவர் ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டி வன்னிக்கே திரும்பிப் போகவேண்டும். அங்கே குண்டு விழுந்துகொண்டிருந்தது.

இருவரும் செய்ததைக் காட்டிய அன்று முதலாளி, சேவல் சண்டை பார்க்கிறவர் மாதிரிக் கதிரையில் சாய்ந்திருந்தார்.

“ஒரு வரியில முடியிற வேலைக்கு இவர் நாலு வரி எழுதியிருக்கிறார் சேர்,” என்றாள் தனுஷா. “வரிக் கணக்கிலயோ சம்பளம்?”

“ஆக்கள் தட்டுற பேரை அவ அப்பிடியே கட்டளைக்குள்ள ஒட்டுறா சேர்,” என்றான் சுதாகரன். “பேருக்குப் பதிலா ஒருத்தன் வேற கட்டளையைத் தட்டினா, மெசின் அதையும் செய்யும். நான் பேர் வாற இடத்தில கேள்விக்குறி போட்டிருக்கிறன். பேர் பிறகு தனியாப் போகும். என்ன தட்டினாலும் அது வெறும் பேர்தான்.”

“அப்ப அவவின்ர பக்கத்தை உடைச்சுக் காட்டுமன்,” என்றார் முதலாளி.

சுதாகரன் ஒரு மேற்கோள் குறியைத் தட்டிப் பின்னால் ஏதோ எழுதினான். அப்படி ஒரு மாணவர் இல்லை என்று வந்தது. மறுபடி தட்டினான். அதேதான். வகுப்பே சிரித்தது.

“இந்த மெசின்ர செற்றிங் அந்தக் குறிக்கு முன்னால தானா ஒரு சாய்கோடு போட்டுக் காப்பாத்துது சேர். அவவின்ர எழுத்துக் காப்பாத்தேல்ல. வேற மெசினில…”

“தம்பி, மெசினுக்கே அவவில இரக்கம். எனக்கு இருக்கக்கூடாதோ?”

கடிதத்தில் அங்கேயே கையெழுத்து வைத்தார். “அவவுக்கு ஒரு தேத்தண்ணி கொண்டு வந்து குடும். ஒரு வேலையாவது செய்துபோட்டுப் போம்.”

நான் எழுந்தேன். முதலாளி என்னை இருக்கச் சொன்னார். சுதாகரன் கொண்டு வந்து கொடுத்தான். தனுஷா ஒரு வாய் குடித்துவிட்டு, சீனி காணாது என்றாள்.

2009இல் போர் முடிந்த பிறகு முகாமிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். அவனைக் கண்டவர் இல்லை. துஆவில் அவன் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறேன், அல்லாஹ் அறிவான்.

அன்று, அவன் பாஸ் முடிந்த காலை, பையோடு பின்கதவால் என்னிடம் வந்திருந்தான்.

“ஹானி அக்கா, தனுஷாட்ட ஒண்டு சொல்லுங்கோ. அந்தப் பக்கத்தை வேற மெசினுக்குக் கொண்டுபோனா, கேள்விக்குறி போட்டு மாத்தி எழுதச் சொல்லுங்கோ. இங்க இருக்கிற வரைக்கும் ஒண்டும் நடக்காது.”