மணியார்டர் வரும் வாரம்

என் டைரியில் ஒரு வரி. '4-8-92, செவ்வாய், காலை ஒன்பதரை. ஏழாம் நம்பர் கட்டில் காலி. கன்னியப்பன் வரவில்லை.'

டைரியில் கோபதாபங்களை எழுதுகிற வழக்கம் எனக்கு இல்லை. தேதி, நேரம், நடந்தது... அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு 'வரவில்லை'யின் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். இரண்டாவது கோட்டில் தாள் கிழிந்திருக்கிறது.

பின்னே என்ன? தாம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் அந்தக் கட்டிலுக்காக இரண்டு நாள் அலைந்திருக்கிறேன். சர்க்கரைப் புண், இனி ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கன்னியப்பனும் தலையைத் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு ஊருக்குப் போனவர்தான்!

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்கு வேலிச்செடி வெட்ட வருகிறவர் கன்னியப்பன். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகிற ரோட்டில் இறங்கி, உள்ளே ஒரு மைல் நடந்தால் அவர் ஊர். மனைவி போய்ச் சேர்ந்தாயிற்று. மகன் கிடையாது. ஒரே மகள் செய்யூர் பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு முதியோர் பென்ஷன் கேட்டு மனு எழுதியதே நான்தான். "இனிமே உடம்புக்கு முடியலேன்னா யார் கையையும் பார்க்க வேண்டாம்" என்று பெருமையாக வேறு சொல்லிவைத்தேன்.

புதன்கிழமை காலை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். உட்கார இடம் இருந்தது. உட்காரத்தான் முடியவில்லை. நின்றுகொண்டே போனேன், நின்றால் பஸ் சீக்கிரம் போகும் என்பது போல.

வாசலில் உட்கார்ந்திருந்தார். காலில் கட்டு, கட்டின் மேல் பிளாஸ்டிக் கவர், அதன் மேல் ஈ. பார்வை ரோட்டில். அவர் மட்டுமல்ல, அந்தத் தெருவில் நாலைந்து வாசல்களில் அவர் வயசுக்காரர்கள் அதே மாதிரி ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். மந்திரி யாராவது வருகிறாரோ என்று சந்தேகமாகிவிட்டது.

ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"மணியார்டர் வர்ற வாரம் சார். தபால்காரர் வரசொல்லோ நான் இங்க இருக்கணும். ஆள் இல்லேன்னு எழுதித் திருப்பிட்டா, பென்ஷன் லிஸ்ட்லேர்ந்து பேரையே அடிச்சிடுவாங்க. வாங்கினு வந்துட்றேன்."

எந்தக் கிழமை வரும்? தெரியாது. இன்றைக்கு வரலாம், சனிக்கிழமை வரலாம். அதுவரை கால் காத்திருக்குமா? நான் குரலை உயர்த்தினேன் போலிருக்கிறது. எதிர்வாசல் சொர்ணம்மா பதில் சொன்னார்.

"சாருக்கு இன்னா, மாசம் பொறந்தா சம்பளம். அவர் பேரை யார் அடிக்கப்போறாங்க?"

மேலத்தெருவில் ஒருத்தி மகள் பிரசவத்துக்குப் போயிருந்தாளாம். பணம் திரும்பிப் போனதாம். அதற்கப்புறம் வரவே இல்லையாம். யார் அந்த ஒருத்தி, எந்த வருஷம் என்று கேட்டேன். சொர்ணம்மா என்னைப் பார்த்த பார்வையில், கேட்டதை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

பதினொன்றரைக்கு சைக்கிள் மணி கேட்டது. தபால்காரர் காதர் பாய். அவருக்குப் பத்தடி பின்னால் ஒரு மொபெட். ஹேண்டில்பாரில் தோல் பை. ஊசி போடுகிற கம்பவுண்டராம். எப்போதோ ஏதோ ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தவர். மாதத்தில் இந்த வாரம் மட்டும் சைக்கிளை விடாமல் தொடர்வார்.

"எனக்கு பாடிகார்டு சார்" என்றார் காதர் பாய். "மாசம் பூரா யாருக்கும் ஒண்ணும் இருக்காது. நான் மணியார்டர் குடுத்தா, எல்லாருக்கும் அன்னிக்குத்தான் ஜொரம்."

அன்று பையில் கடிதங்கள்தான். மணியார்டர் இல்லை என்றதும் மொபெட் அப்படியே வட்டமடித்துத் திரும்பியது. வாசல்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. இருமிக்கொண்டிருந்தவர்கள் இருமியபடியே உள்ளே போனார்கள்.

பக்கத்து வீட்டில் கொடுத்துவிடக் கூடாதா என்று காதர் பாயிடம் கேட்டேன். கையெழுத்தோ கைநாட்டோ, சம்பந்தப்பட்ட ஆள்தான் போட வேண்டும் என்றார். ஏழு நாள் ஆபீசில் வைத்திருப்பார்கள், பிறகு திருப்பிவிடுவார்கள். சரி, பேரை அடிப்பது?

"அது எங்க டிபார்ட்மெண்ட் இல்ல சார். அடிப்பாங்கன்னு நானும் கேள்விதான்."

கன்னியப்பனை அசைக்க முடியவில்லை. தனியாகத் திரும்பினேன்.

மணியார்டர் சனிக்கிழமை, எட்டாம் தேதி வந்தது. கம்பவுண்டரும் வந்தார். ஊசி போட்டுக்கொண்டதில் எரிச்சல் குறைந்தது போல் இருக்கவே, கன்னியப்பன் ஞாயிற்றுக்கிழமையையும் வீட்டிலேயே கழித்தார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. செவ்வாய்க்கிழமை இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

"பென்ஷன் வாங்கறவர்தானே, அப்புறம் ஏன் இவ்வளவு லேட்?" என்று டாக்டரம்மா என்னைக் கேட்டார்.

"பென்ஷன் வாங்கறதாலதான்" என்றேன். ஜோக் என்று நினைத்துவிட்டார்.

கையில் காசு இருந்தால் முதியவர்கள் வைத்தியத்துக்குச் செலவு செய்வார்கள் என்று நிறையப் படித்திருக்கிறேன். சரிதான்... செய்கிறார்கள். சந்தேகமே வேண்டாம். ஆனால் பென்ஷன் இல்லாத நாளில் கன்னியப்பன் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறி, இலவச வரிசையில் நின்று, டாக்டரைப் பார்த்தவர். பென்ஷன் வந்த பிறகு வாசலிலேயே ஊசி. காசு கொடுக்கிற வைத்தியம் அல்லவா, மரியாதையாக 'வாங்க பெரியவரே' என்கிறது. அந்த மரியாதைக்கு நாம் என்ன விலை போடுவது? என்னால் போட முடியவில்லை. வியாதிக்கு நாள் குறித்துக்கொடுத்தது நான் எழுதிய மனுதானோ என்றுகூடச் சில சமயம் தோன்றுகிறது. எழுதாமல் இருந்திருந்தால் சாப்பாடு? அதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அந்த விதியைத் தேடித் தாலுகா ஆபீசுக்கு இரண்டு முறை போனேன். ஒரு தடவை திரும்பினால் பேரை அடிப்பீர்களா? "அப்படி ஒரு ஆர்டர் இருக்கணும் சார்" என்றார் கிளார்க். பார்க்கலாமா என்றேன். "ஃபைல்ல இருக்கும்." எந்த ஃபைல்? டீ வந்துவிட்டது. எழுத்து மூலமாகக் கேட்டு, 24-8-92 தேதியிட்ட கடிதம் கொடுத்துவிட்டு வந்தேன். பதில் இல்லை.

செப்டம்பர் ஒன்றாம் தேதி, சாயங்காலம் பார்வையாளர் நேரம். போனால், கன்னியப்பன் கட்டிலை விட்டு இறங்கி நிற்கிறார். தோளில் துண்டு, கையில் பை, கட்டுப் போட்ட கால் அந்தரத்தில். புண் இன்னும் மூடவில்லை. இந்த நிலையில் தூசியில் நடந்தால் அடுத்து பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதை நானும் சொன்னேன், நர்ஸும் சொன்னார்.

"கால் போனா உக்காந்துகினு துன்னலாம் சார். பேர் போனா இன்னா துன்றது?"

யோசிப்பதற்குள் வாய் பேசிவிட்டது. "தாலுகா ஆபீஸ்ல கேட்டுட்டேன், கன்னியப்பன். அப்படி ஒரு ரூலே இல்லை. பணம் திரும்பினா மறுபடி வாங்கிக்கலாம். படுங்க."

பையைக் கையிலிருந்து விடவில்லை.

"எழுத்துல பாத்தீங்களா சார்?"

"பாத்தேன்."

பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். துண்டை மடித்துத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டார்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியில் ஒரு தேதி பிசகினாலும் போஸ்ட் கார்டில் திருத்தி அனுப்புகிற வாசகர்கள் உண்டு. அவர்களிடம் மறைக்க விரும்பவில்லை. அப்படி ஒரு ரூல் இல்லை என்பது, இதை எழுதும் இந்த நிமிடம் வரை, சரிபார்க்கப்படவில்லை.