ஏரிக்கரை வளைவில் அந்தோணி சொன்னது

1. காற்றைப் பிடித்த முதல் நாள்

அந்தக் காரில் முதன்முதலாக ஏறிய அன்று, வழக்கப்படி வலது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் எதிரில் ஸ்டியரிங் இல்லை என்பது தெரிந்தது. ஆறு வருஷம் பஸ் ஓட்டியவன் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மில் வாசலில் நெல் மூட்டை இறக்கியவர்கள் மூட்டையைப் போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"இன்னா கோபாலு, பின்னாடி சீட்டும் தேடுவ போலக்கீதே? அதுவும் கெடையாது" என்றார் முதலாளி.

திண்டிவனத்தில் அரிசி மில் வைத்திருந்தவர் அவர். என்னைவிட இரண்டு வயது சின்னவர். பாண்டிச்சேரியை விட்டுக் கப்பலேறிய வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து அந்தக் காரை வாங்கியிருந்தார். சிவப்பு நிறம், திறந்த மேல், இரண்டே சீட்டு, இரட்டைக் கார்புரேட்டர். பாண்டிச்சேரியில் அப்போது வண்டிகள் சாலையின் வலது பக்கம் ஓடின என்பதால் ஸ்டியரிங் இடது பக்கம் இருந்தது.

மெட்ராஸ் பக்கத்தில் பழைய விமானத் திடல் ஒன்றில் நடக்கும் கார் ரேஸில் அந்த வண்டி ஓட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஓட்டுவது நான், பெயர் அவருக்கு. "நீ மாலைக்குத் தலையக் குடுக்காத, அத நான் பாத்துக்கறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

இதைப் படிக்கும் இளம் டிரைவர்களுக்கு ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தக் காரில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்த அந்தோணி செத்துப்போனான். அவனைக் கொன்றது நான் ஓட்டிய விதம். பிறகு சொல்லலாம் என்று விட்டால் உங்களைச் சிரிக்க வைத்தே நழுவிவிடுவேன். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

பஸ் டிரைவராக எனக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. வளைவு வருவதற்குள் கியரை நியூட்ரலில் தள்ளி வண்டியை உருள விட்டு டீசல் மிச்சம் பிடிப்பேன். வளைவுக்குள் போன பிறகு பிரேக்கை அழுத்துவேன். விழுப்புரம் திண்டிவனம் ரூட்டில் என் பஸ்ஸில் ஏறிய ஜனங்கள் ஒருவர் மடியில் ஒருவர் விழுந்து, இறங்குவதற்குள் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

இந்த இரண்டு வித்தையையும் சிவப்புக் காரில் காட்டினேன். மயிலம் போகிற சாலையில் முதல் வளைவிலேயே வண்டி ஒரு முழுச் சுற்று சுற்றி மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையில் இறங்கி நின்றது. பக்கத்தில் இருந்த முதலாளி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு கேட்டார். "கோபாலு, இப்ப திண்டிவனம் எந்தப் பக்கம்டா?"

2. நடந்து எடுத்த வளைவு

வண்டியைக் கொல்லையிலிருந்து இழுக்க வந்தவன்தான் அந்தோணி. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒர்க் ஷாப் வைத்திருந்த மெக்கானிக். என் வயதுக்காரன். பஸ் ஓட்டிய காலத்திலிருந்தே எங்களுக்குள் வாடா போடாதான். வண்டியைப் பார்க்கவில்லை அவன். சாலையில் டயர் இழுத்த கறுப்புக் கோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தான்.

"டேய், பிரேக்க எங்க அமுக்குன?"

"இதோ, இங்க."

"இது வளைவுக்கு உள்ளடா. உள்ள வந்து பயப்படக் கூடாது. பயப்படறதா இருந்தா முன்னாடியே பயந்து முடிச்சிக்கினு உள்ள வா."

ஐம்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்திருக்கிறேன். வளைவைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து ஏரிக்கரை வளைவில் பழகினோம். மயிலம் சாலையில் ஏரிக்கரையை ஒட்டி இடது பக்கம் சட்டென்று ஒடிகிற இடம் அது. உட்புறம் முழுக்கக் கருவேலம் புதர். வெளிப்புறம் வரிசையாகப் புளிய மரம். முதல் இரண்டு நாள் அந்தோணி என்னைக் காரிலேயே ஏற்றவில்லை. வளைவை நடந்து எடுக்கச் சொன்னான். நான் நடு ரோட்டில், கையில் இல்லாத ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு, வாயால் கியர் மாற்றிக்கொண்டு நடந்தேன். மாடு ஓட்டிக்கொண்டு வந்த ஒருவர் மாட்டை ஓரமாக ஒதுக்கி நிறுத்தி எனக்கு வழி விட்டார்.

முறை இதுதான். நேர்ச் சாலையிலேயே பிரேக்கை முடித்துவிட வேண்டும். கிளட்சை இரண்டு தடவை மிதிக்கிற டபுள் கிளட்ச் போட்டு செகண்டு கியருக்கு இறங்க வேண்டும். நியூட்ரல் என்ற சொல்லையே மறந்துவிட வேண்டும், எஞ்சின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இடது வளைவு என்றால் நடு ரோட்டுக்குப் போய், அங்கிருந்து உள்ளே திருப்பி, உள் ஓரத்தைத் தொட்டு, வழி தெரிந்ததும் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வெளியே வர வேண்டும். இரண்டு வாரத்தில் வண்டி நூல் பிடித்த மாதிரி திரும்பியது.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. ஸ்டியரிங் இடது பக்கம் இருந்ததால் என் கண்ணுக்கு நேராகப் புதர்தான் தெரியும். வளைவுக்கு அப்பால் இருப்பது வலது சீட்டில் இருப்பவனுக்குத்தான் முதலில் தெரியும். அதனால் அந்தோணி எனக்குக் கண்டக்டர் ஆனான். சாலை காலியாக இருந்தால் "ரைட்" என்பான். நான் நடு ரோட்டை எடுப்பேன். எதிரில் ஏதாவது இருந்தால் "ஹோல்டான்" என்பான். நான் இடது ஓரத்திலேயே இருந்து வேகத்தைக் குறைப்பேன். இந்த இரண்டு சொல் தவிர வேறு பேசக் கூடாது என்று அவனே சட்டம் போட்டான்.

"ரைட்டு சொல்றத நீ கேக்காம போனாக்கூட பரவால்ல. ஹோல்டான் சொன்னா எதுக்குன்னு கேக்காத. நின்னுட்டு அப்புறம் கேளு."

"நீ பயந்தாங்கொள்ளிடா, எருமையப் பாத்தாகூட ஹோல்டான்னுவ."

"எருமைக்கு ரேஸ் தெரியாது கோபாலு. அதுக்காகவும் சேத்துதான் பயப்படறேன்."

3. கேப்பைக் காலம்

ரேஸுக்கு நான்கு நாள் இருந்தது. கேப்பை அறுவடை தொடங்கியிருந்தது. எங்கள் பக்கத்தில் அறுத்த கதிரைத் தார் ரோட்டில் பரப்பி வைப்பது வழக்கம். பஸ்ஸும் லாரியும் மாட்டு வண்டியும் அதன் மேல் போய்ப் போய்த் தானியம் உதிரும். பஸ் டிரைவர்களான நாங்களும் அதற்கென்றே சக்கரத்தைக் கதிர் மேல் ஏற்றிவிட்டுப் போவோம். கூலியில்லாத கதிரடிப்பு.

அன்று காலை முதலாளி தன் சிநேகிதர்கள் நாலு பேரைக் கூட்டிவந்து வளைவுக்கு இப்பால் புளிய மர நிழலில் நிறுத்தியிருந்தார். கையில் ஸ்டாப் வாட்ச். "கோபாலு, பெரிய மனுசங்க வந்துக்கீறாங்க. மானத்தக் காப்பாத்து" என்றார்.

மூன்று முறை எடுத்தேன். மூன்றுக்கும் "ரைட்" வந்தது. மூன்றுக்கும் நிழலிலிருந்து கைத்தட்டல் வந்தது. நாலாவது முறைக்கு வண்டியைத் திருப்பிக்கொண்டு வர நாங்கள் வளைவுக்கு இப்பால் விக்கிரவாண்டி சாலை வரை போயிருந்தோம். அந்த இடைவெளியில் வளைவுக்கு அப்பால் யாரோ பெண்கள் இரண்டு கட்டுக் கதிரை அவிழ்த்துப் பரப்பியிருக்கிறார்கள்.

நேர்ச் சாலையில் பிரேக்கை முடித்தேன். செகண்டுக்கு இறங்கினேன். நாலாவது 'ரைட்'டும் வரும் என்று நடு ரோட்டுக்குப் போனேன்.

"ஹோல்டான்" என்றான் அந்தோணி.

கேட்டது. நன்றாகக் கேட்டது. எருமையாக இருக்கும் என்று நினைத்தேன். நிழலில் நிற்பவர்கள் வாட்சைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்றும் நினைத்தேன். இவ்வளவும் நினைக்க நேரம் இருந்தது, காலை எடுக்க மட்டும் நேரம் இல்லை. உள்ளே திருப்பினேன்.

"ஹோல்டான்டா!"

புதர் விலகியதும் சாலை முழுக்கச் செம்பழுப்பாகக் கதிர் கிடந்தது. பழகியதெல்லாம் போய்விட்டது. ஆறு வருஷப் பஸ் கால் தானாக இறங்கிப் பிரேக்கை மிதித்தது. கதிர் மேல் டயருக்குப் பிடி இல்லை. வண்டி அப்படியே வலது பக்கமாக வழுக்கிக்கொண்டு போய்ப் புளிய மரத்தில் பக்கவாட்டில் மோதியது.

வேறு எந்தக் காராக இருந்தாலும் அந்தப் பக்கத்தில் டிரைவர் இருந்திருப்பான்.

கதிர் பரப்பிய பெண்கள்தான் ஓடி வந்து அந்தோணியை வெளியே எடுத்தார்கள். ஒரு அம்மாள் தன் முந்தானையைச் சுருட்டி அவன் தலைக்குக் கீழே வைத்தார். முதலாளியின் இன்னொரு காரில் ஏற்றித் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவன் தலை என் மடியில் இருந்தது. பாதி வழியில் மூச்சு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி வந்து ஸ்ட்ரெச்சர் வரும் வரை நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்தால் இன்னும் ஆகவில்லை என்பது போல.

எனக்கு இடது முழங்கையில் சிராய்ப்பு.

4. ஸ்டேஷனில் எழுதிய வாக்குமூலம்

ஸ்டேஷனுக்குள் போவதற்கு முன் முதலாளி என்னைத் தனியாக அழைத்தார்.

"அவன் ரைட்டு சொன்னான், நீ போனன்னு சொல்லிடு. செத்தவன யாரு புடிச்சி உள்ள போடப் போறாங்க? உனக்கும் பேஜாரு இல்ல, எனக்கும் இல்ல."

சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். "வளைவுல போக யாருய்யா சிக்னல் குடுத்தது?"

"அந்தோணிதாங்க. ரைட்டுன்னு சொன்னாருங்க."

உயிரோடு இருந்தவரை வாடா போடா என்றவனை அன்றுதான் 'சொன்னாரு' என்றேன். சப்-இன்ஸ்பெக்டர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். தெளிவான கையெழுத்து.

5. மேரி

ஐந்தாம் நாள் அந்தோணியின் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி மேரி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்துப் போனவன் நான். "உக்காருங்கண்ணா" என்றார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

புடைத்துக்கொண்டே கேட்டார். "பைப்படியில பேசிக்கிறாங்க. ஒர்க் ஷாப்புலயும் அதான் பேச்சாம். அவருதான் போன்னு சொன்னாருன்னு. அப்டியாண்ணா?"

முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு மறுபடி சொன்னார்.

"எனக்கு வண்டியப் பத்தி ஒன்னும் தெரியாது. ஆனா அவரு சைக்கிள்ல என்ன ஏத்திக்கினு போவசொல்ல, ரோட்டுல கதிரு கெடந்தா எறங்கித் தள்ளிக்கினுதான் போவாரு. 'எறங்கு மேரி, வழுக்கும்'பாரு. நான் சிரிப்பேன். சைக்கிளுக்கே எறங்குனவரு காருக்கு ரைட்டு சொல்வாராண்ணா?"

எதற்கெடுத்தாலும் ஒரு நக்கல் வைத்திருப்பவன் நான். அன்று வைக்கவில்லை.

"சொல்லலம்மா" என்றேன். "ஹோல்டான்னான். ரெண்டு தடவ சொன்னான். நான்தான் நிக்கல."

மேரி முறத்தைக் கீழே வைத்தார். அழவில்லை. "இத என்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? எழுதுனவங்க கிட்ட போயி சொல்லுங்க. அவருக்கு இனிமே அது ஒன்னுதான் மிச்சம்" என்றார்.

அங்கிருந்து நேராக ஸ்டேஷனுக்கு நடந்தேன். சப்-இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உனக்குப் பைத்தியமாய்யா? முடிஞ்சிபோன கேஸு. இப்ப மாத்துனா நீ உள்ள போவ, தெரியுமா?"

"தெரியுங்க. மாத்தி எழுதுங்க."

உள்ளே போனேன். லைசென்ஸும் போனது. முதலாளி அந்த உடைந்த காரை யாருக்கோ தள்ளிவிட்டார். என்னோடு பேச்சையும் நிறுத்திக்கொண்டார். ஒர்க் ஷாப்பில் மட்டும் பேச்சு மாறியது. "அந்தோணி சொன்னானாம், கோபாலுதான் கேக்கலியாம்" என்று என் காது படவே சொன்னார்கள். சரியாகத்தான் சொன்னார்கள்.

6. பிறகு

லைசென்ஸ் திரும்பக் கிடைத்ததும் பழைய பஸ் கம்பெனியே வேலை கொடுத்தது. போட்ட ரூட் திண்டிவனம் மயிலம். மேனேஜர் வேண்டுமென்று செய்தாரா, ஆள் இல்லாமல் செய்தாரா என்று நான் கேட்கவில்லை.

இளம் டிரைவர்கள் என்னிடம் வளைவு எடுப்பது எப்படி என்று கேட்பார்கள். பிரேக்கை முன்னாடியே முடி, கியரில் இரு, தெரியாத இடத்தில் தெரிந்தது போல ஓட்டாதே என்று சொல்வேன். பக்கத்தில் இருப்பவன் நிறுத்தச் சொன்னால் நிறுத்து, அவன் எருமைக்கே பயந்திருந்தாலும் நிறுத்து என்பேன். சிரித்துவிட்டுப் போவார்கள். என் முகம் அப்படி.

மேரி ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயிலுக்குப் போக என் பஸ்ஸில்தான் ஏறுவார். "நல்லா இருக்கீங்களாண்ணா" என்று கேட்பார். மூன்றாவது வரிசையில் ஜன்னல் ஓரம் உட்காருவார். உள்கண்ணாடியில் எனக்கு அவர் தெரியும்.

ஏரிக்கரை வளைவு வருவதற்கு ஒரு பர்லாங் முன்பே நான் வேகத்தைக் குறைத்துவிடுவேன். பின்னால் இருப்பவர்கள், "இன்னா டிரைவரே, ஜல்தி போப்பா, மாடு முந்திக்கினு போவுது" என்று கத்துவார்கள். உண்மையிலேயே ஒரு தடவை மாட்டு வண்டி முந்திப் போனது. நடக்கிற வேகத்தில் எடுத்துப் பார்த்தேன். ஒரு ஞாயிறு, நின்று, இறங்கி, அப்பால் எட்டிப் பார்த்துவிட்டு வந்தும் எடுத்தேன்.

எவ்வளவு மெதுவாகப் போனாலும், வளைவு தொடங்கியதும் மேரி இரண்டு கையாலும் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். வளைவு முடிந்த பிறகுதான் கையை எடுப்பார். அந்த ரூட்டில் நான் ஓட்டிய கடைசி ஞாயிறு வரைக்கும் அப்படித்தான்.